அக்காவுக்கு வளைந்து தெரிந்த கட்டங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவரை 'கோடு' என்றுதான் கூப்பிடுவோம். வயதில் சின்னவர்கள் 'கோடு சார்' என்போம். இணையதளம் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அங்கே கணினிக்கு எழுதுகிற நிரலுக்கும் கோடு என்றுதான் பேர். அவர் எழுதினால் திரையில் வந்து நிற்பதும் கோடுதான். இரண்டு விதத்திலும் பொருந்திய பெயர் என்பதால் அவருக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஒரு நாள் கூரியர்காரர் மாடியேறி வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஆறு மேசை போட்ட ஒரே அறை அது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அவருக்கு அடுத்த மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். அவர் வீட்டில் நடந்ததில் பாதியை அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியை அவருடைய அக்கா சொன்னார்.

அவருடைய வேலை, பக்கங்களின் பின்னணியில் வரும் அலங்காரம். எழுத்துக்கும் படத்துக்கும் பின்னால் வரிவரியாக, புள்ளிபுள்ளியாக, கட்டம் கட்டமாக ஓடுமே, அது. மற்றவர்கள் அதற்கு ஒரு படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. சிஎஸ்எஸ் என்று ஒரு மொழி இருக்கிறது. எந்த எழுத்து எவ்வளவு பெரிசு, எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று பக்கத்துக்குச் சொல்கிற மொழி. அதில், ஒரு நிறம் இன்னொரு நிறமாக மெல்ல மாற வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அந்த 'மெல்ல' என்பதை எடுத்துவிட்டால் நிறம் கத்தரித்தது போல் சட்டென்று மாறும். அங்கே ஒரு கோடு பிறக்கும். அந்த ஒரு கட்டளையை வைத்துக்கொண்டு செங்கல் சுவர், மீன் செதில், பாய் முடைசல், தேன்கூடு என்று நூற்றுக்கும் மேலே செய்து வைத்திருந்தார். "படமே கிடையாதும்மா. வெறும் நாலு வரி எழுத்து" என்று யாரிடமாவது காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையைக் காட்டுகிற தகப்பன் தோற்றுவிடுவான்.

குளியலறைத் தரை, கம்பி வேலி, சாக்குப் பை என்று எதையும் விடமாட்டார். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவரின் சட்டைக் கட்டத்தை எண்ணிக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும்தான். அக்கா எட்டு வயது மூத்தவர். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அக்காவைக் கேட்டால் தம்பியைக் கைகாட்டுவார், தம்பியைக் கேட்டால் அவர் அக்காவைக் கைகாட்டுவார். அக்கா ஒரு அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர். பாடப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் அவர் மேசைக்கு வரும். சிவப்புப் பேனாவை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒற்று விட்ட இடம், துணைக்கால் விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் கொத்தி எடுப்பார். கூடத்து ஜன்னலோரம் ஒரே மேசை. ஒரு பக்கம் தம்பியின் கணினி, எதிர்ப்பக்கம் அக்காவின் தாள்கள்.

எந்த வேலை முடிந்தாலும் அவர் முதலில் காட்டுவது அக்காவிடம்தான். "பிழை இருக்கான்னு மட்டும் பாரு" என்பார். அக்கா அதோடு நிறுத்தமாட்டார். "இந்தப் பச்சை ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கு" என்பார். "இந்தப் புள்ளியெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்குடா" என்பார். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். சாப்பிடாமல்கூடப் படுத்திருக்கிறார். ஆனால் மறுநாள் அலுவலகம் வந்ததும் பச்சையை மாற்றுவார். நாங்கள் "அக்கா சொன்னாங்களா சார்?" என்போம். "யாரும் சொல்லல" என்பார்.

ஒரு வருஷம், நோட்டும் பேனாவும் விற்கிற ஒரு பெரிய கடை எங்களிடம் வந்தது. கணக்கு நோட்டில் வருகிற கட்டம் போலப் பின்னணி வேண்டும் என்றார் கடைக்காரர். கோடு சாருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. வெளிறிய தாள் நிறத்தின் மேல் மெல்லிய நீலக் கட்டம், பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு மட்டும் சற்று அழுத்தமாக. கேட்கச் சுலபம். ஆனால் அவ்வளவு மெல்லிய கோடு சில கைபேசிகளில் ஒன்று தடித்தும் ஒன்று காணாமலும் போகும், பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்க அவர் இரண்டு வாரம் மல்லுக்கட்டினார். நாலு கைபேசி, மூன்று திரை எல்லாவற்றிலும் கோடு ஆணி அடித்தாற்போல் நின்ற நாளில், எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அது இரண்டாவது தடவை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் காட்டினார். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆனா கோடு ஏன்டா நடுவில நெளியுது?"

"எங்க நெளியுது?"

"இதோ, இங்க." அக்கா விரலை வைத்தார். பிறகு விரலை நகர்த்தினார். "இப்ப இங்க. தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி லேசா வீங்கித் தெரியுது."

"ஒரு இடத்தைச் சொல்லுக்கா. நீ விரல் வைக்கிற இடமெல்லாம்னா நான் எதைச் சரிபண்றது?"

"நான் பார்க்கிற இடத்திலதான்டா நெளியுது. நான் என்ன பண்ண?"

இரண்டு வாரம் எந்தக் குறையோடு சண்டை போட்டு ஜெயித்தாரோ, அதே குறையை அக்கா சொல்லிவிட்டார். அவருக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் வந்ததும் எல்லாத் திரையிலும் திரும்பப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் என் இழுப்பறையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்துத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. "இது நேராத்தான் சார் இருக்கு. அக்காவோட கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்த அளவுகோலை அன்று வாங்கிக்கொண்டு போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கணினியைத் திறந்துவைத்து, அக்காவை உட்காரவைத்து, கோட்டோடு கோடாக அளவுகோலைப் பிடித்தார்.

"இப்பப் பாரு. அளவுகோலும் நெளியுதா?"

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாராம். அளவுகோலும் நெளிந்ததாம். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ஆமான்னு சொல்லியிருப்பேன் பொண்ணே. ஆனா அவன் மூஞ்சியப் பார்த்தேன். ரெண்டு வாரமா தூங்காதவன். எனக்குத்தான் சொல்லத் தெரியலையோன்னு நெனச்சுக்கிட்டேன்."

தம்பியிடம் அவர் சொன்னது, "சரிடா, நேராத்தான் இருக்கு."

"அப்படி வா வழிக்கு" என்றார் இவர்.

அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் அக்கா "நல்லாருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். வரி போட்டாலும் நல்லாருக்கு, வளையம் போட்டாலும் நல்லாருக்கு. இவருக்கு ஒரே சந்தோஷம். "அக்கா இப்பல்லாம் குறையே சொல்றதில்ல. என் கை நல்லாத் தேறிடுச்சு போல" என்று என்னிடமே சொன்னார். ஏழு மாதம் அப்படிப் போயிற்று.

அந்த ஏழு மாதத்தில் கூடத்து பல்பு இரண்டு தடவை மாறியது. வெளிச்சம் போதவில்லை என்றார் அக்கா. இவர் ஒரு மேசை விளக்கு வாங்கிவந்து வைத்தார். அக்கா தாளைச் சற்றுச் சாய்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். கழுத்து வலியாக இருக்கும் என்று இவர் நினைத்தார். அச்சகத்து மேனேஜர் ஒரு நாள் போன் செய்து, ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் மூன்று பிழை நின்றுவிட்டதாக ரொம்ப மரியாதையாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் அக்காவுக்கு அப்படி ஒரு போன் வந்ததில்லை. அக்கா போனை வைத்துவிட்டு, "வயசாச்சுடா" என்றார். "கண்ணாடி மாத்தணும்" என்றார் தம்பி. மாத்தணும், மாத்தணும் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தார். வலது கண்ணில் சோப்பு போய்விட்டது. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, துண்டுக்குக் கை நீட்டியபடி திரும்பினார். எதிரே தம்பி துண்டோடு நின்றார்.

"டேய், உன் மூஞ்சி எங்கடா?" என்றார் அக்கா.

விளையாடுகிறார் என்று இவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வலது கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காது ரெண்டும் தெரியுது. தலைமுடி தெரியுது. நடுவில சாம்பல் பூசின மாதிரி ஒண்ணுமே இல்லடா."

இடது கண் எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. வலது கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து மூடிமறைத்துவிட்டது.

திங்கள்கிழமை காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, மதியத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். நாற்பது வயதுப் பெண். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். வெள்ளை அட்டையில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி.

"வலது கண்ணால மட்டும் பாருங்கம்மா. நடுப்புள்ளியையே பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா, எங்கயாவது வளையுதா?"

கோடு சார் அந்த அட்டையைப் பார்த்தார். நிறம்தான் வேறு. மற்றபடி அவர் போட்ட கட்டம்தான் அது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. "வலது கண்ல நேரா இருக்கு டாக்டர்" என்றார். இடது கண்ணுக்கு மாறினார். "இதில நடுவே இல்லை. சுத்தி இருக்கிறதெல்லாம் உள்பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது."

டாக்டர் எழுதிக்கொண்டே விளக்கினார். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிந்து, அந்த இடம் வீங்கி, தழும்பாகிவிட்டது. நேர்க்கோடு வளைந்து தெரிவதுதான் அதன் முதல் அடையாளம். பிறகு கேட்டார். "முதல்ல வளைஞ்சு தெரிஞ்சது எப்பம்மா?"

"இப்பதான் டாக்டர். ஒரு பத்து நாள் இருக்கும்" என்றார் அக்கா.

தம்பிக்காகச் சொன்ன பொய் அது. இவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அறையோடு போயிருக்கும்.

"இல்ல டாக்டர். ஏழு மாசம் ஆச்சு. என்கிட்ட சொன்னாங்க. நான்தான் நேரா இருக்குன்னு சொன்னேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். திட்டவில்லை. "அப்ப வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்ததாம் இவருக்கு.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்து, தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றபடியே எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். மற்றவர்கள் போன பிறகு நான் அவரிடம் போய், "சார், அன்னிக்கு நான் விளையாட்டா ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"நீயாவது சொன்னம்மா" என்றார். "விளையாட்டுக்காவது உன் வாயில வந்துச்சு. எனக்கு மனசுல கூட வரல."

மாதம் ஒரு தடவை அக்காவின் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கசிவு நின்றது. போன பார்வை வரவில்லை. இடது கண்ணில் ஓரம் மட்டும்தான் மிச்சம். வலது கண்ணுக்கும் அது வரலாம் என்பதால், தினமும் காலையில் அந்த அட்டையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒற்றைக் கண்ணை நம்பிப் பொடி எழுத்தில் பிழை பிடிக்க முடியாது என்று அச்சகத்துக்கு அக்காவே போன் செய்து, இனிமேல் தாள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று அவர் சிவப்புப் பேனாக்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் கீழ்வீட்டு டீச்சருக்குக் கொடுத்தாராம்.

கோடு சார் அந்த நோட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வேறு போட்டுத் தருகிறேன் என்றார். "எதுக்கு சார்? பார்க்கிறவங்க எல்லாம் பாராட்டறாங்க. நீங்க ஒண்ணும் தொடாதீங்க" என்றார் அவர். கட்டம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் நான்தான் செய்கிறேன். அவர் திறப்பதில்லை.

வீட்டில் அவர் ஆளே மாறிப்போனார். அக்கா நடந்தால் பின்னாலேயே நடந்தார். அடுப்புப் பக்கம் விடுவதில்லை. கட்டில் விளிம்புக்கெல்லாம் துணி சுற்றினார். காலையில் அக்கா அட்டையைப் பார்க்கும்போது பக்கத்திலேயே நின்று, "நேரா இருக்கா? நிஜமா நேரா இருக்கா?" என்று நச்சரித்தார். அக்கா பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் அட்டையை மேசையில் போட்டுவிட்டார்.

"என்னை இப்படிப் பீங்கான் பொம்மை மாதிரிப் பார்க்காதடா. மூச்சு முட்டுது."

"எல்லாம் என்னால வந்தது அக்கா."

"நோய் உன்னால வரல. அது எனக்கு வரணும்னு இருந்தது, வந்துச்சு." அட்டையை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா ஒண்ணு. நான் பார்க்கிற இடத்திலதான் நெளியுதுன்னு சொன்னேன் பாரு. அந்த ஒரு தடவை, அக்கா பொய் சொல்லமாட்டாளேன்னு நீ நெனச்சிருக்கலாம்."

அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அக்காவே போய் அணைத்தார். இவர் தடுக்கவில்லை.

அதன்பிறகு அவர் ஒரு முயற்சி செய்தார். அச்சகத்துக்குப் போய் மேனேஜரைப் பார்த்து, தான் தாளை வாய்விட்டுப் படிப்பதாகவும் அக்கா கேட்டுத் திருத்துவார் என்றும் கேட்டுக்கொண்டார். மேனேஜர் பழைய மரியாதைக்காக ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். மூன்று வாரம் சாயங்காலங்களில் படித்தார். காதால் கேட்டால் எந்த ர, எந்த ன என்று தெரியாதே. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்பார் அக்கா. இவர் குனிந்து எண்ணிப் பார்த்து, "மூணு" என்பார். "அப்ப அது தப்பு. 'மனம்'னா ரெண்டு சுழி. மூணு போட்டா கல்யாணத்துக்குப் போயிடும்" என்று அக்கா சிரிப்பார். அந்த மூன்று வாரமும் வீட்டில் பழைய சத்தம் இருந்தது. ஆனால் ஒருவர் மூன்று நாளில் முடிக்கிற வேலைக்கு இரண்டு பேர் மூன்று வாரம் எடுத்தார்கள். அடுத்த புத்தகம் வரவில்லை. இவர் போன் செய்தபோது, வேறு ஒரு பெண்ணை வைத்துவிட்டதாக மேனேஜர் சொன்னார். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இவர் இரண்டு நாள் தவித்தார். "அச்சகத்தில இருந்து ஒண்ணும் வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா" என்றார் அக்கா.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அக்காவின் வலது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. வீட்டு வேலை எல்லாம் அவரேதான் செய்கிறார். கோடு சார் இப்போதும் பின்னணி போடுகிறார், ஆனால் முன்போல் யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. கேட்டதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். வீட்டிலும் காட்டுவதில்லையாம். அக்கா கேட்டாலும், "அதில பார்க்க ஒண்ணும் இல்லக்கா" என்கிறாராம். அக்காவுக்கு அதில்தான் ரொம்ப வருத்தம். "இன்னொரு கண்ணு இருக்கு பொண்ணே. அதால பார்த்துச் சொல்லமாட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் போன் செய்தார். நாங்கள் செய்த ஒரு பஸ் கம்பெனியின் இணையப் பக்கத்தில், பின்னால் இருக்கிற புள்ளியெல்லாம் கோணிக்கொண்டு தெரிகிறது என்றார். போனை எடுத்த பெண், அது உங்கள் போனில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லப்போனாள். கோடு சார் எழுந்து வந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. எந்த இடத்தில கோணுது? நீங்க கண்ணை நகர்த்தினா அதுவும் கூடவே நகருதா, இல்ல அங்கயே நிக்குதா?"

அரை மணி நேரம் பேசினார். ஒரு கண்ணை மூடச் சொன்னார், மறுகண்ணை மூடச் சொன்னார். கதவு நிலை நேராகத் தெரிகிறதா, ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா என்று கேட்டார். கடைசியில் பார்த்தால், அந்த அம்மாளின் கைபேசி மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளுக்குள் காற்றுக் குமிழி புகுந்திருக்கிறது. அதை எப்படி உரித்து எடுப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாளுக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும், ஏதோ மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"பரவாயில்லம்மா. நீங்க சொன்னது நல்லது" என்றார் கோடு சார். "எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்திடுங்க. யாராவது கூட்டிட்டுப் போகமாட்டேன்னு சொன்னா, தனியாவாவது போங்க."

போனை வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அந்த அம்மாள் டாக்டரிடம் போனாரா என்பது எங்களுக்குத் தெரியாது.